பங்கில் மாற்றுத்திறனாளிகள்: வீட்டு வாசலில் தொடங்கிப் பீடம் வரை, படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

இது கோவை, சேலம், தருமபுரி மறைமாவட்டங்களின் பங்குகளில் வேலை செய்யும் பங்குத்தந்தையர், அருள்சகோதரிகள், மறைக்கல்வி ஆசிரியர்கள், அன்பியங்களின் (தெருவாரியாகக் கூடும் சிறு கிறிஸ்தவக் குழுக்களின்) பொறுப்பாளர்களுக்காக எழுதியது. மாற்றுத்திறனாளிகளைப் பங்கு வாழ்வுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை பல பங்குகளில் உண்டு. வேலை நின்றுபோவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான். முதலில் டிசம்பர் 3-ஆம் தேதி உலக மாற்றுத்திறனாளிகள் தின விழா, அடுத்து சாய்வுப்பாதைக்கு நன்கொடை வசூல், கடைசியில் "ஆட்களே வரமாட்டேங்கறாங்களே" என்ற வருத்தம். இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். ஆட்களிடமிருந்து தொடங்குங்கள், கட்டடமும் விழாவும் பின்னால் வரட்டும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு பேர் கொண்ட குழு போதும். ஒருவர் மறைக்கல்வி ஆசிரியர், ஒருவர் அன்பியப் பொறுப்பாளர், ஒருவர் மாற்றுத்திறனாளி, ஒருவர் மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் தாய் அல்லது தந்தை. பின்சொன்ன இருவர் இல்லாமல் குழுவைத் தொடங்காதீர்கள். நடக்கிறவர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுத்தால், கழிப்பறையின் வாசல் அகலம் யாருக்கும் நினைவுக்கு வராது.

ஒரு நோட்டு, ஒரு அளவு நாடா, ஓராண்டு அவகாசம். மறைக்கல்வி ஆண்டு ஜூனில் தொடங்குவதால், கணக்கெடுப்பை ஏப்ரல், மே மாதங்களில் முடித்துவிட்டால் வகுப்புக்கு வசதியாக இருக்கும்.

"இதெல்லாம் நம்ம வேலையா ஃபாதர்?" என்ற கேள்வி பங்குப்பேரவையில் எழும். பதிலைத் தயாராக வைத்திருங்கள். உடலாலோ மனத்தாலோ தடையுள்ளவர்களுக்கும் அவர்கள் நிலை அனுமதிக்கும் அளவுக்கு மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 777-ஆவது சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அருள்சாதனங்களை யாரும் மறுக்க முடியாது என்று 2020-ல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டி ஏட்டின் 272-ஆவது எண் சொல்கிறது. ஆகவே இது தருமக் காரியக் கணக்கில் வராது. புதுநன்மை (முதன்முறை நற்கருணை பெறுதல்) வகுப்பு எப்படிப் பங்கின் வழக்கமான வேலையோ, இதுவும் அப்படியே.

## 2. யார் வரவில்லை என்று கண்டுபிடியுங்கள்

கோயிலில் அறிவிப்புச் செய்தால் ஏற்கெனவே கோயிலுக்கு வருகிறவர்கள்தான் கேட்பார்கள். அன்பியம் அன்பியமாக, தெரு தெருவாகக் கேட்டால்தான் பட்டியல் வரும். "மாற்றுத்திறனாளி இருக்காங்களா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்ற பதில்தான் கிடைக்கும். "உங்க வீட்ல கோயிலுக்கு வரமுடியாம யாராச்சும் இருக்காங்களாங்க?" என்று கேளுங்கள். மறைத்து வைத்த பிள்ளையும், பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவரும் அந்தக் கேள்வியில்தான் வெளியே வருவார்கள்.

சக்கர நாற்காலியை மட்டும் மனத்தில் வைத்துத் தேடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், தசைச்சிதைவு, பார்க்கின்சன் நோய் எல்லாம் அதில் உண்டு. வகுப்பில் "சேட்டைக்காரன்" என்று பெயர் வாங்கி நின்றுபோன பையன் இந்தப் பட்டியலில் இருக்கக்கூடும். பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து, பாதியில் நின்ற பெயர்களையும் பாருங்கள்.

திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் வேலைக்கு வந்த குடும்பங்கள் வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும். பங்குக் குடும்பப் பதிவேட்டில் பெயரே இருக்காது. லைன் வீடுகளில் ஒரு வீட்டைத் தெரிந்தவரைப் பிடித்தால் மற்ற வீடுகள் தெரியவரும்.

அன்பியக் கூட்டம் வீடு வீடாகச் சுற்றும்போது எந்த வீட்டைத் தாண்டிப் போகிறது என்றும் பாருங்கள். "அவங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று விட்டுவிட்ட வீடாக இருக்கும். அந்த வீட்டைச் சுற்றில் சேர்ப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

## 3. வீட்டுக்குப் போகும்போது

இருவராகப் போங்கள். திருப்பூரில் ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அன்றுதான் துவைப்பதும் சந்தைக்குப் போவதும். முன்கூட்டியே போனில் கேட்டு, அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போங்கள். முதல் முறை கையில் அரிசிப் பை, பிஸ்கட் பாக்கெட் எதுவும் வேண்டாம். கொடுத்தால், உதவி கேட்கும் வீடாக அது அன்றைக்கே மாறிவிடும்.

முதலில் மாற்றுத்திறனாளியிடம் பேசுங்கள், பிறகு பெற்றோரிடம். பேச்சு வராத பிள்ளையாக இருந்தாலும் பெயர் சொல்லி, கண் மட்டத்துக்குக் குனிந்து, "கண்ணு, உனக்கு என்ன பாட்டு புடிக்கும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயுவிடம் இயேசுவும் "உனக்கு என்ன செய்ய வேண்டும்?" என்றுதான் கேட்டார். தேவை கண்ணுக்குத் தெரிந்த இடத்திலும் அவர் கேட்டார்.

பெற்றோரிடம் கேட்க வேண்டியவை: எப்படி உட்கார்ந்தால் வசதி, எந்தச் சத்தம் ஆகாது, எதைச் சாப்பிட முடியாது, வலிப்பு வருமா, கழிப்பறைக்கு எப்படிக் கேட்கும், எதைக் கொடுத்தால் சமாதானமாகும். பதில்களை நோட்டில் எழுதுங்கள். எழுதலாமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

"ஆண்டவரு சோதிக்கறாருங்க", "போன பிறவிப் பாவம்" போன்ற பேச்சு அந்த வீட்டில் ஏற்கெனவே ஆயிரம் முறை விழுந்திருக்கும். யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைப் பற்றிச் சீடர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, அது அவர் செய்த பாவமும் இல்லை, பெற்றோர் செய்த பாவமும் இல்லை என்று இயேசு பதில் சொல்லிவிட்டார். குணமளிக்கும் கூட்டங்களுக்கு ஊர் ஊராக அலைந்து, கடைசியில் "உங்களுக்கு விசுவாசம் பத்தல" என்று கேட்டுத் திரும்பிய தாய்மார் இந்தப் பக்கம் நிறையப் பேர். அந்த வார்த்தை உங்கள் குழுவில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. பல குடும்பங்கள் கோயிலை விட்டு விலகியதற்கு அதுவே காரணம்.

அரசு அடையாள அட்டை இல்லாத வீடுகளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு வழிகாட்டுங்கள். அதைத் தனி வேலையாக ஒருவர் பார்க்கட்டும். மறைக்கல்வி அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

## 4. வாசலிலிருந்து இருக்கை வரை

பட்டியலில் உள்ள ஒருவரோடு ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து அவர் உட்காரும் இடம் வரை நடந்து பாருங்கள். எங்கே நின்றாரோ அதுதான் முதல் வேலை. அது பெரும்பாலும் படிக்கட்டு, இரண்டாவதாகக் கழிப்பறை.

சாய்வுப்பாதையின் கணக்கு எளிது: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 15 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று படி இருந்தால் மொத்தம் 45 சென்டிமீட்டர், பாதை 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அகலம் 1.2 மீட்டர், இருபுறமும் கைப்பிடி, மேலே சென்றதும் சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் சமதளம். மேஸ்திரியிடம் "சாய்வா போட்டுக் குடுங்க" என்று மட்டும் சொன்னால் பைக் ஏற்றும் சரிவைப் போட்டுவிடுவார். அதில் சக்கர நாற்காலி ஏறாது. இறங்கும்போது குப்புற விழும். நீளத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். வழவழப்பான கிரானைட் வேண்டாம். மழை நாளில் ஊன்றுகோல் வழுக்கும்.

இடம் பத்தாத கோயில்களில் பக்கவாசலைப் பாருங்கள், பல இடங்களில் அங்கே ஒரே படிதான் இருக்கும். எதுவும் ஆகும்வரை நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்குவதை வழக்கமாக்காதீர்கள். விழுந்தால் அடி அவருக்கு. விழாவிட்டாலும், ஊர் பார்க்கத் தன்னைத் தூக்கிப் போவது எத்தனை பேருக்குக் கூச்சம் என்று கேட்டுப் பாருங்கள்.

உள்ளே கவனிக்க வேண்டியவை நம் ஊர்க் கோயில்களுக்கே உரியவை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் கோயிலில், இருபத்தைந்து வயது மகனுக்குத் துணையாக வரும் தாய் எங்கே உட்காருவார்? இதற்கு வழி தெரியாமலேயே அவர்கள் வெளி வராந்தாவில் நிற்கிறார்கள். நடுவில் ஒரு பெஞ்சைக் குடும்பமாக உட்காரும் இடம் என்று அறிவித்துவிடுங்கள். மூன்றாவது, நான்காவது வரிசையில் ஒரு பெஞ்சைப் பாதியாகக் குறைத்தால் சக்கர நாற்காலிக்கு 90-க்கு 120 சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். எல்லோருக்கும் முன்னால் தனியாகவும், கதவோரம் கடைசியிலும் நிறுத்த வேண்டாம்.

செருப்பை வாசலில் கழற்றும் வழக்கம் உள்ள இடங்களில், காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிக் கருவி), செயற்கைக்கால், பிரத்யேக ஷூ போட்டவர்களால் கழற்ற முடியாது. "அப்படியே வாங்க" என்று வாசலில் நிற்பவர் சொல்ல வேண்டும். சக்கரத்துக்கு ஒரு ஈரமான கால்மிதி போதும். முழந்தாளிட முடியாதவர்களை யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்க, "முடிந்தவர்கள் முழந்தாளிடுவோம்" என்று பங்குத்தந்தை ஓரிரு முறை சொன்னாலே போதும்.

## 5. காதுக்கும் கண்ணுக்கும்

பார்வையற்றவருக்குப் பங்குச் செய்தி போய்ச் சேராததற்குப் பெரும்பாலும் எழுத்துருவே காரணம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைப் போன் வாசித்தால் அர்த்தமில்லாத ஒலிதான் வரும். படமாகப் போடும் அறிவிப்பும் அப்படியே. யூனிகோடில் தட்டச்சு செய்து, வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். மறைக்கல்விப் பாடத்தை ஆசிரியர் ஐந்து நிமிடக் குரல்பதிவாக அனுப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் அதுவே உதவும். மங்கலான பார்வை உள்ளவர்களுக்குப் பாட்டுத்தாளை 18 புள்ளி அளவுக்குக் குறையாமல், கறுப்பு எழுத்தில் வெள்ளைத் தாளில் அச்சடியுங்கள். பூப்படத்தின் மேல் எழுத்து வேண்டாம்.

காதுகேளாதவர்களுக்கு உதட்டசைவு தெரிய வேண்டும். மறையுரை ஆற்றுபவர் மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தாலோ, ஜன்னல் வெளிச்சம் பின்னால் இருந்தாலோ முகம் தெரியாது. சைகை மொழி தெரிந்தவர் கிடைத்தால் வாசகமேடைக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் நிறுத்துங்கள். தூணுக்குப் பின்னால் நிறுத்தினால் பயனில்லை. வாசகங்களையும் மறையுரைக் குறிப்பையும் வெள்ளிக்கிழமையே அவருக்குக் கொடுங்கள். "திருவெளிப்பாடு", "மெல்கிசெதேக்கு" போன்ற சொற்களை மேடையில் நின்றபடி கண்டுபிடிக்க முடியாது. சைகை மொழி எல்லாக் காதுகேளாதோருக்கும் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்குப் போகாதவர்களுக்கு வீட்டுச் சைகை மட்டுமே இருக்கும். அவர்களுக்குப் படம் வேண்டும்.

ஒலிபெருக்கியை உச்சத்தில் வைப்பது நம் கோயில்களின் பழக்கம். எதிரொலி கூடுமே தவிர, காதுக்கருவி போட்டவருக்குச் சொல் விளங்காது. ஆட்டிசம் உள்ள பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு ஓடும். ஒலியைக் குறைத்து, சிறிய ஒலிபெருக்கிகளைத் தூண்களில் ஆங்காங்கே வையுங்கள். பட்டறைகளில் போடும் காதுக்கவசம் கோவையில் எந்த இண்டஸ்ட்ரியல் ஸ்டோரிலும் கிடைக்கும். இரண்டு வாங்கி சக்கரிஸ்தியில் (குரு திருவுடை அணியும் அறையில்) வைத்தால் பல குடும்பங்கள் திருப்பலி முடியும்வரை உள்ளே இருக்க முடியும். வெளியே போக வேண்டியிருந்தால் போய்த் திரும்பிவர ஒரு சிறு அறையோ மரத்தடியோ இருக்கட்டும். அங்கே போகும் தாயை முறைக்கும் கண்கள் இல்லாதிருப்பது அந்த அறையைவிட முக்கியம்.

## 6. மறைக்கல்வி வகுப்பு

முதல் முடிவு: தனி வகுப்பா, எல்லோரோடுமா? எல்லோரோடும் என்று தொடங்குங்கள், ஒரு துணையாளரோடு. பிள்ளை தன் வயதுப் பிள்ளைகளின் பெயரை அறிந்துகொள்வதும், அவர்கள் இவன் பெயரை அறிந்துகொள்வதும் பாடத்தில் சேர்ந்ததே. சத்தம் தாங்க முடியாத பிள்ளைக்கு மட்டும், செபத்தையும் பாட்டையும் எல்லோரோடும் வைத்து, பாடத்தைத் தனியே எடுக்கலாம். காதுகேளாத, திக்கிப் பேசும் மனிதரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றுதான் தொட்டார். தனியே எடுத்தால் திரும்ப அனுப்பவும் வேண்டும்.

துணையாளருக்குப் பதினெட்டு வயதுக்கு மேல் இருக்கட்டும். அவர் பிள்ளைக்காகப் பதில் சொல்லக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்தைக் காட்டி, களைப்பைக் கவனித்தால் போதும்.

வகுப்பு முப்பது நிமிடம். ஒவ்வொரு வாரமும் ஒரே வரிசை: மெழுகுதிரி ஏற்றுதல், அதே பாட்டு, ஒரு கதை, ஒரு பொருள், ஒரு செயல், மெழுகுதிரி அணைத்தல். வரிசை மாறாவிட்டால் அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். பயம் குறையும், கற்க இடம் கிடைக்கும். ஆறு படங்களை ஒரு அட்டைப் பட்டையில் ஒட்டி, முடிந்த ஒவ்வொன்றையும் பிள்ளையே கழற்றி எடுக்கட்டும். படங்கள் உங்கள் கோயிலின் போட்டோக்களாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுக் கோயில் படத்தில் அவன் தன் கோயிலைப் பார்க்கமாட்டான்.

ஒரு வாரத்துக்கு ஒரே செய்தி. "இயேசு நம்மோடு சாப்பிடுகிறார்", அவ்வளவுதான். அதை உண்மையான அப்பம், தட்டு, மேசையோடு காட்டுங்கள். தண்ணீர், எண்ணெய், நெருப்பு, அப்பம், இரசம் என்று நம் அருள்சாதனங்களில் பலவும் தொடக்கூடிய பொருள்களோடு நடப்பவை. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு இது பெரிய கொடை.

கேள்வி கேட்டதும் பத்து வினாடி வாய் மூடிக் காத்திருங்கள். ஆசிரியர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இரண்டே வினாடியில் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்கிறோம்; பிள்ளைக்கோ அது புதிய கேள்வி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறான்.

சொல்லும் வாக்கியங்களில் கவனம் வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சொன்னதைச் சொன்னபடி எடுப்பார்கள். "இயேசு உன் நெஞ்சுக்குள்ள இருக்காரு" என்றால் மூச்சு விட அவருக்கு இடம் இருக்குமா என்று பயப்படுவார்கள். "இரத்தத்தைக் குடிக்கிறோம்" என்று திடீரென்று சொன்னால் கிண்ணத்தின் பக்கமே வரமாட்டார்கள். "இயேசு உன்கூட இருக்காரு, இந்த அப்பத்தில் தன்னையே நமக்குத் தர்றாரு" என்று தொடங்குங்கள்.

மனப்பாடம் ஓர் அளவுகோல் ஆகாது. 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' முழுக்கச் சொல்ல வராத பிள்ளைக்குச் சிலுவை அடையாளம், "ஆமென்", "அல்லேலூயா", கைகளை விரித்து நிற்பது. இதுவும் செபமே. வீட்டிலும் அதே அசைவைச் செய்யும்படி பெற்றோருக்குக் காட்டிக்கொடுங்கள். பெற்றோர் இருவரும் ஷிப்டில் இருந்தால் பாட்டியிடமோ அமுச்சியிடமோ காட்டுங்கள். பிள்ளையைத் தூங்க வைப்பது அவர்கள்தான்.

மறைக்கல்வித் தேர்வு, மாவட்ட அளவுப் போட்டி என்று வரும்போது இந்தப் பிள்ளைகளுக்கு அன்று லீவு விடுகிறோம். படம் பொருத்துதல், பொருளை எடுத்துக் காட்டுதல் என்று வினாத்தாளை மாற்றி, அவர்களையும் உட்கார வையுங்கள்.

## 7. புதுநன்மை

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "இவனுக்குக் கொடுப்பீங்களா ஃபாதர்?" என்பது. பிள்ளைகள் தங்கள் கொள்ளளவுக்கு ஏற்ப கிறிஸ்துவின் மறைபொருளைப் புரிந்து, விசுவாசத்தோடும் பக்தியோடும் நற்கருணை பெற வேண்டும் என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 913-ஆவது சட்டம் சொல்கிறது. 'கொள்ளளவுக்கு ஏற்ப' என்பதை மறந்துவிட்டு, கேள்வி–பதில் நூறையும் ஒப்பிக்கச் சொல்வது தவறு. நற்கருணை சாதாரண உணவு இல்லை என்று தெரிந்திருப்பதை வாயால் சொல்ல வேண்டும் என்பதில்லை. திருப்பலியில் அந்த நேரத்தில் மட்டும் அமைதியாவது, கை கூப்புவது, எல்லோரும் போகும்போது தானும் போக வேண்டும் என்று அம்மாவின் சேலையை இழுப்பது, இவற்றைக் கவனித்துப் பங்குத்தந்தையிடம் சொல்வது ஆசிரியரின் வேலை. முடிவு பங்குத்தந்தையுடையது, சந்தேகம் இருந்தால் பிள்ளைக்குச் சாதகமாக எடுக்கட்டும்.

அடுத்தது வாய். பல பிள்ளைகள் ஓஸ்தியை (நற்கருணை அப்பத்தை) துப்புவது விசுவாசக் குறைவால் அல்ல, அது நாக்கில் ஒட்டும் காய்ந்த பண்டம் என்பதால். அர்ச்சிக்காத ஓஸ்தியோடு பயிற்சியை இரண்டு, மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் கையில் தொட்டுப் பார்க்க மட்டும். பிறகு கடுகளவு துண்டு, பின் கால் பங்கு. அதற்கு மேல் போக முடியாவிட்டாலும் குறையில்லை. சிறு துண்டிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார். விழுங்கச் சிரமம் உள்ளவர்களுக்கு உடனே ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கலாம். அப்பம் இறங்கவே இறங்காது என்றால், தேவையின் பொருட்டு இரசத்தின் வடிவில் மட்டும் கொடுக்க 925-ஆவது சட்டம் இடம் தருகிறது. பயிற்சிக்கான ஓஸ்தியைத் தனி டப்பாவில், தனி இடத்தில் வையுங்கள். நற்கருணைப் பேழைப் பக்கமே அது போகக்கூடாது.

நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பு நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கட்டாயப்படுத்தாது (919-ஆவது சட்டம்). மாத்திரையோடு இட்லி சாப்பிட்டாக வேண்டிய பிள்ளைக்காகப் பெற்றோர் தயங்குவார்கள். கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒத்திகையைக் கூட்டமாக ஒரே நாளில் முடிக்காதீர்கள். முதலில் யாருமில்லாத கோயில், வார நாள் மாலை, ஆசிரியரும் பெற்றோரும் மட்டும். அடுத்த முறை பங்குத்தந்தை திருவுடையோடு. அதற்கடுத்து மைக், ஆர்மோனியம், மின்விளக்கு எல்லாம். கடைசியில் மற்ற பிள்ளைகளோடு. எந்தக் கட்டத்தில் பிள்ளை கலங்குகிறதோ அங்கே ஒரு வாரம் கூடுதலாக நில்லுங்கள்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலைத்துணி, கழுத்துப் பட்டி, சரிகை, கிரீடம் எல்லாம் உறுத்தும். அதைக் கழற்றி எறிவதில்தான் பல புதுநன்மைகள் கண்ணீரில் முடிகின்றன. மென்மையான பருத்தித் துணியில் தைத்து, உள்ளே பனியன் துணி வைத்து, இரண்டு முறை துவைத்துவிட்டு, ஒத்திகைக்கும் அதையே போடுங்கள். அன்றைக்கு வரிசையில் முதலில் நிறுத்துங்கள், காத்திருப்பு குறையும். போட்டோகிராபரின் ஃபிளாஷை அணைக்கச் சொல்லுங்கள்.

வாயிலிருந்து வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று நற்கருணை வழங்கும் எல்லோருக்கும் முன்பே தெரிய வேண்டும். பதறாமல் ஒரு சுத்தமான துணியில் வாங்கி, தண்ணீரில் கரையவிட்டு, புனிதப் பொருள்களுக்கான தொட்டியிலோ யாரும் மிதிக்காத மண்ணிலோ ஊற்ற வேண்டும். பிள்ளையை அதட்டக்கூடாது.

## 8. மற்ற அருள்சாதனங்கள்

ஒப்புரவு: பகுத்தறியும் நிலை இல்லாத பிள்ளை புதுநன்மைக்கு முன் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) செய்யக் கட்டாயமில்லை. அந்த நிலை உள்ள, ஆனால் பேச்சு வராதவர் சைகையாலோ படத்தாலோ எழுத்தாலோ செய்யலாம். எழுதிய தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துக் கிழித்துவிடச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வழியாகச் செய்ய 990-ஆவது சட்டம் அனுமதிக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். தாயையே மொழிபெயர்க்கச் சொல்வதைத் தவிருங்கள். பதினாறு வயதுப் பெண் தன் தாய் வழியாக எதைச் சொல்வாள்? சல்லடைக் கூண்டில் உதட்டசைவு தெரியாது, சக்கர நாற்காலியும் நுழையாது. பார்வைக்குத் திறந்த, ஆனால் காதுக்கு எட்டாத ஓரிடத்தில் நாற்காலி போடுங்கள்.

உறுதிபூசுதல்: திருமுழுக்குப் பெற்று, இன்னும் உறுதிபூசுதல் பெறாத எவரும் தகுதியுள்ளவரே. அதைக் கொடுக்க வரும் ஆயர் பிள்ளைக்குப் புதுமுகம், தொப்பியும் கோலும் புதிது. அவரது படத்தைக் காட்டி, நெற்றியில் தேங்காயெண்ணெய் தொட்டுப் பழக்குங்கள்.

நோயில்பூசுதல்: பிப்ரவரி 11, உலக நோயாளர் தினத்தில் மாற்றுத்திறனாளிகள் எல்லோரையும் வரிசையில் உட்கார வைத்துப் பூசுவது பல இடங்களில் நடக்கிறது. அது நோயாலோ முதுமையாலோ ஆபத்தில் இருப்பவர்களுக்கான அருள்சாதனம். போலியோவால் கால் சூம்பிய, நல்ல திடகாத்திரமான முப்பது வயதுக்காரர் நோயாளி இல்லை.

## 9. பாதுகாப்பு

ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் மூடிய அறையில் இருக்கவே கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தபடி. சொல்லத் தெரியாத பிள்ளைக்கு ஆபத்து அதிகம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பங்குக்கும் பொருந்தும். கழிப்பறைக்கும் உடை மாற்றவும் பெற்றோரையோ அவர்கள் சொன்ன ஆளையோ அழையுங்கள்.

வலிப்பு வந்தால்: நேரத்தைப் பாருங்கள், பக்கவாட்டில் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துண்டு வையுங்கள், பெஞ்சை நகர்த்துங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் உதவாது. பல் உடையும், மூச்சு அடைக்கும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ அடுத்தடுத்து வந்தாலோ 108-ஐ அழையுங்கள். இதை வாசலில் நிற்கும் தன்னார்வலர், பாடகர் குழு, பீடச்சிறார் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

## 10. பொறுப்புக் கொடுங்கள்

வருவதோடு நின்றால் அவர்கள் விருந்தாளிகளாகவே இருப்பார்கள். பார்வையற்றவர் பிரெய்லிலோ காதில் கேட்டபடியோ வாசகம் வாசிக்கலாம். தேதியைப் பத்து நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். காதுகேளாதவர் மன்றாட்டைச் சைகையில் சொல்ல, இன்னொருவர் குரல் கொடுக்கலாம். சக்கர நாற்காலிக்காரர் காணிக்கைப் பை எடுக்கலாம். டவுன் சின்ட்ரோம் உள்ள இளைஞர் வாசலில் கைகூப்பி வரவேற்கலாம், காணிக்கைப் பவனியில் அப்பம் ஏந்தலாம். பங்குப்பேரவையில் ஓர் இடம் கண்டிப்பாக வேண்டும். அந்தக் கூட்டம் மாடியில் நடந்தால் கீழே இறக்குங்கள்.

டிசம்பர் 3-ஆம் தேதிக்கு மட்டும் பொறுப்பு என்றால் கொடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை, அட்டவணையில் பெயரோடு இருக்க வேண்டும். தடுமாறினால் கை தட்டவும் வேண்டாம், கண் கலங்கவும் வேண்டாம். மற்ற வாசகருக்கு என்ன செய்கிறோமோ அதுவே.

## 11. திருவிழா

கொடியேற்றம், தேர், வாணவேடிக்கை, செண்டை மேளம் எல்லாம் எப்போது என்று மணிக்கணக்கோடு ஓர் அட்டவணையை இந்தக் குடும்பங்களுக்கு முன்பே அனுப்புங்கள். வெடி எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் அவர்கள் அதற்கு முன்போ பின்போ வருவார்கள். தெரியாவிட்டால் வரவே மாட்டார்கள். அக்டோபரில் கருமத்தம்பட்டி செபமாலை அன்னை பேராலயத் திருவிழா போன்ற கூட்டத்துக்கு வேன் பிடிக்கும்போது, படி தாழ்ந்த வண்டியா, இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பெயர் எழுதுங்கள். அன்னதானப் பந்தியில் தரையில் உட்கார முடியாதவர்களுக்கு ஒரு மேசை, மற்றவர்களோடு ஒட்டியே.

## 12. கைமாற்றிக் கொடுத்தல்

பங்குத்தந்தைக்கும் அருள்சகோதரிகளுக்கும் மாற்றல் வரும்போது இந்த வேலை பெரும்பாலும் அப்படியே படுத்துவிடும். எல்லாம் ஒருவர் நினைவில் இருந்ததுதான் காரணம். இரண்டாவது, மூன்றாவது படிகளில் எழுதிய நோட்டை ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில், குடும்பங்களிடம் கேட்டுத் திருத்துங்கள். அது பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். யாருடைய நோய் விவரத்தையும் பங்கு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

இரண்டு ஞாயிறு தொடர்ந்து வராதவருக்கு யார் போன் செய்வது என்று நோட்டின் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இன்னொரு பெயர் இருக்க வேண்டும். புதிய பங்குத்தந்தை வந்தால் முதல் மாதத்திலேயே அவரை அந்த வீடுகளுக்கு அழைத்துப் போங்கள். பட்டியலைக் கையில் மட்டும் கொடுத்தால் அது மேசை மேலேயே இருக்கும்.